பன்னிரண்டில் பிழைத்த ஒன்று

பெரிய ஆஸ்பத்திரியின் பதினாலாம் எண் அறையில் இருபத்திரண்டு வருஷமாகத் தையல் பிரிக்கிற வேலை பார்க்கிறாள் அவள். தைப்பது டாக்டர்கள்; பேர் வாங்குவதும் அவர்கள்தான். ஏழாம் நாளோ பத்தாம் நாளோ பயந்துகொண்டே வந்து உட்காருகிறவர்களின் நெற்றியிலும் முழங்காலிலும் வயிற்றிலும் இருக்கிற நூலை வலிக்காமல் எடுப்பது மட்டும்தான் இவள் பாடு. ஆனாலும் ஊருக்கு இவள் தையலக்கா. வீட்டுக்காரர் தையற்காரர் என்பதால் அந்தப் பேர் வந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர் நாள் முழுக்கத் தைக்கிறார், இவள் நாள் முழுக்கப் பிரிக்கிறாள், அந்த வீட்டில் குடித்தனம் எப்படித்தான் நடக்கிறதோ என்று தெருவில் ஒரு கேலி ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இருவரும் அதற்குச் சிரித்துச் சிரித்துச் சலித்துவிட்டார்கள்.

மரம் அவள் வாழ்க்கைக்குள் வந்தது காயத்தின் வழியாகத்தான். கல்யாணமாகி வந்த புதிதில் கொல்லையில் ஒரு எலுமிச்சை நின்றது. துணி காயப்போட இடைஞ்சலாக நீட்டிக்கொண்டிருந்த கிளையை ஒருநாள் அரிவாளால் வெட்டிப் போட்டாள். அடுத்த வருஷம் தற்செயலாகப் பார்த்தால், வெட்டின இடத்தைச் சுற்றி வளையமாகப் புதுப்பட்டை உருண்டு வந்து நடுவை நோக்கி மூடிக்கொண்டிருந்தது. ஆறாத புண்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். ஆறுகிற புண் விளிம்பிலிருந்துதான் உள்ளே வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. மருந்து இல்லை, கட்டு இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மனுஷச் சதை செய்வதையே இந்தக் கட்டை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறதே என்று, தோளில் கிடந்த ஈரத்துணி சொட்டச் சொட்ட அப்படியே நின்றுவிட்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்ததுகூடத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஊர்க்கோடி நர்சரிக்காரரிடம் லீவு நாளெல்லாம் போய் நின்று, கேள்வி கேட்டே அவர் உயிரை எடுத்து, வேண்டாத கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்யவும் ஒட்டுக் கட்டவும் கற்றுக்கொண்டாள். ஐந்தாறு வருஷத்தில், யார் வீட்டுக் கொய்யாவாவது அடர்ந்துபோய்க் காய்க்காமல் நின்றால் தையலக்காவைக் கூப்பிடு என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு, கத்தரி, சின்ன ரம்பம், ஸ்பிரிட் பாட்டில் போட்ட பையோடு கிளம்பிவிடுவாள். ஒரு மரத்தைத் தொட்ட கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த மரத்தில் வைக்க மாட்டாள். கிளையைத் தண்டோடு வழித்துச் சீவவும் கூடாது, முளைக்குச்சி மாதிரி மிச்சம் விடவும் கூடாது. கிளை புறப்படுகிற இடத்தில் கழுத்துச் சுருக்கம் மாதிரி ஒன்று இருக்கும், அதற்கு வெளியே வெட்டினால் பாக்கியை மரம் பார்த்துக்கொள்ளும் என்பாள்.

இன்னொன்றையும் போகிற வீட்டிலெல்லாம் சொல்லுவாள். ஒட்டு மரம் என்பது இரண்டு உயிர் சேர்ந்த ஒன்று. கீழே வேரோடு நிற்பது ஏதோ ஒரு கொட்டையில் முளைத்த முரட்டுக் கன்று. மேலே இருப்பது நல்ல மரத்தில் வெட்டிய குச்சி. சேர்ந்த இடத்துக்குக் கீழே எது தளிர்த்தாலும் அது கன்றின் சொந்தத் தளிர், கண்டதும் கிள்ளிவிட வேண்டும். பக்கத்துத் தெருக் கணக்கு வாத்தியார் அப்படியொரு தளிரைப் பார்த்து, என்னமாய் வளர்கிறது என்று பூரித்துப்போய் உரமும் தண்ணீருமாய்க் கொட்டி மூன்று வருஷம் வளர்த்தார். மேலே இருந்த நல்ல ஆரஞ்சு பட்டுப்போனது. கீழே இருந்து வந்தது ஆளைக் கிழிக்கிற முள்ளோடு மாடி வரை நின்றது. தையலக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், வீட்டுக்காரனை வெளியே அனுப்பிட்டு வாட்ச்மேனுக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கீங்க" என்றாள். வாத்தியார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

இத்தனை கொல்லைக்குள் நுழைந்தவளுக்கு ஒரே ஒரு கொல்லையில் மட்டும் அனுமதி கிடையாது. அது தையற்காரரின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனாரின் வீடு. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். பேச்சும் முத்திரை குத்துகிற மாதிரிதான் இருக்கும். அவர் வீட்டுப் பின்னால் ஒரு மாமரம். குடிவந்த வாரம் அவருடைய கணவர் சாப்பிட்டுவிட்டுப் புதைத்த கொட்டையில் வந்தது. கணவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது, மரம் நின்றது. அதன் பழம் பார்க்கச் சகிக்காது. பழுத்த பிறகும் பச்சைதான், அளவும் சின்னது. அறுத்தால் வாசல் அறை வரைக்கும் மணம் வரும். அந்தப் பழம் வேறெங்கும் கிடையாது, அதற்கு ஒரு பேரும் கிடையாது. நர்சரிக்காரர் நடையாய் நடந்து ஒட்டுக் கட்ட ஒரு குச்சி கேட்டார். கணவர் வைத்த மரத்தில் யார் கத்தியும் படக்கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார் நாத்தனார். தம்பி பெண்டாட்டிக்கும் அதே பதில்தான்.

ஒரு வருஷம் பழம் ஓய்ந்த சமயத்தில், மத்தியானம் அரைமணி நேரம் அடித்த காற்றில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. சொந்தக்காரர்கள் போனபோது நாத்தனார் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து நின்ற வேரையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரிடம் போய் ஆறுதல் சொன்னார்கள். தையலக்கா மட்டும் நேராக மரத்தின் தலைப்பக்கம் போய்க் கத்தரியை எடுத்தாள். இழவு வீட்டில் வந்து இவள் என்ன பண்ணுகிறாள் என்று ஒரு சித்தி முகம் சுளித்தாள். தையலக்கா அதைக் காதில் வாங்கவில்லை. பென்சில் பருமனில், நுனி மொட்டு லேசாகப் பருத்த குச்சியாகத் தேடித் தேடிப் பன்னிரண்டு வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரத்துண்டில் சுற்றினாள்.

"செத்துப்போனதை வெச்சு என்ன பண்ணப்போறே?" என்றார் நாத்தனார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"செத்துட்டோம்னு அதுக்கு இன்னும் தெரியாது, அண்ணி. தெரிய ரெண்டு நாள் ஆகும்."

அந்த இரண்டு நாளைத்தான் அவள் நம்பினாள். நர்சரியிலிருந்து பன்னிரண்டு மாங்கன்று வாங்கி வந்து, ஒவ்வொன்றின் தலையையும் வெட்டி, நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவிப் பிளவில் இறக்கினாள். பாலிதீன் நாடாவால் சுற்றிக் கட்டினாள். மறுபடியும் காற்று அடித்துவிடப் போகிறதே என்று, வீட்டுக்காரரின் கடையில் சோபா உறை தைக்கிற நைலான் நூலை எடுத்து அதன்மேலும் இறுக்கிச் சுற்றினாள். ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு பாலிதீன் பை. பிறகு காத்திருந்தாள். இரண்டாம் வாரம் ஐந்து கறுத்தன. மூன்றாம் வாரம் இன்னும் ஆறு கறுத்தன. மிச்சம் இருந்த ஒன்றில் ஒரு காலையில் அரிசி அளவுக்குச் செம்பு நிறத்தில் மொட்டு விரிந்திருந்தது.

அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூச்சு பட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி அந்த மரத்தை ரம்பத்தால் அறுத்து விறகாக ஏற்றிப் போய்விட்டார்கள். இங்கே அந்த மரம் கண் திறக்கிறது. இது அதன் மகள் இல்லை, பேத்தி இல்லை, அதுவேதான். வேறொரு கன்றின் வேரில் ஏறி நின்றுகொண்டு, விழுந்த மரம் மறுபடி துளிர்க்கிறது. எத்தனையோ ஒட்டுக் கட்டியிருக்கிறாள், ஆனால் அன்றைக்குத்தான் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. நாத்தனார் வந்து பார்த்தார். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தார்.

இனிமேல்தான் தையலக்கா செய்த தப்பு வருகிறது. ஒட்டுப் பிடித்து மூன்றாம் மாதம் கட்டைப் பிரித்துவிட வேண்டும். நூல் வளராது, தண்டு வளரும். விட்டால் கழுத்தை நெரித்துவிடும். இதை ஊரெல்லாம் சொல்கிறவள் அவள். தையல் அதிக நாள் இருந்தால் சதையில் பதிந்துவிடும், நாளைக் கடத்தாமல் வா என்று நோயாளிகளைத் திட்டுகிறவளும் அவள்தான். ஆனால் அந்த ஒன்றின் முன்னால் பிளேடோடு உட்காரும்போதெல்லாம் பன்னிரண்டில் பதினொன்று போனது நினைவுக்கு வந்து கை ஓடவில்லை. பிரிக்கிறபோது பிளவு வாயைத் திறந்துவிட்டால்? இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றாள். பிறகு மழை முடியட்டும் என்றாள். கன்றைக் கொல்லையில் நட்டார்கள். மழை மண்ணை அடித்து வந்து கட்டு மேல் போட்டது, அவளும் சருகைக் கூட்டி அடிமரத்தைச் சுற்றிப் போட்டாள். கண்ணில் படாதது மனசிலிருந்தும் போயிற்று. அல்லது போகட்டும் என்று அவளே விட்டுவிட்டாள்.

ஐந்தாம் வருஷம் மரம் பூத்தது. பூத்தது என்றால், இலை தெரியாமல் பூத்தது. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்குதான் இருக்கும். அதில் எங்கே பார்த்தாலும் பூங்கொத்து, தேனீ இரைச்சல் அடுப்படி வரை கேட்டது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கணக்கு வாத்தியார்கூட வந்து, பூவை எண்ண முடியாது என்று ஒப்புக்கொண்டார். நாத்தனார் அந்த ஞாயிறு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. இந்த வருஷம் அந்தப் பழம் மறுபடி கிடைக்கும் என்று தம்பியிடம் மூன்று தடவை சொன்னார்.

தையலக்காவுக்கும் நான்கு நாள் கால் தரையில் படவில்லை. ஐந்தாம் நாள் காலை தண்ணீர் ஊற்றும்போதுதான் கவனித்தாள், மரத்தில் ஒரு புதுத்தளிர்கூட இல்லை. பழைய இலைகள் வெளிறித் தொங்கின. மண்ணுக்கு மேலே அடிமரம், இறுக்கிக் கட்டின கட்டுக்கு மேல் வீங்கிய கால் மாதிரி புடைத்திருந்தது. அந்த வீக்கத்தை அவள் தினம் பதினாலாம் எண் அறையில் பார்க்கிறாள். சாகப்போகிற மரம் கடைசியாக இருப்பதையெல்லாம் போட்டுப் பூக்கும் என்று நர்சரிக்காரர் எப்போதோ சொன்னதும் அப்போதுதான் உறைத்தது. குடத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தாள். ஒரு ஜாண் கீழே, பட்டையைத் தாண்டி உள்ளே புதைந்து, அவள் கட்டின நைலான் நூல் சுற்றிலும் இருந்தது.

தையல் பிரிக்கிற பிளேடாலேயே அதை அறுத்து, துண்டு துண்டாக இழுத்து எடுத்தாள். மரத்தின் சமையல் இலையில் நடக்கிறது. அந்தச் சாப்பாடு வேருக்கு இறங்குகிற வழி பட்டையில்தான் இருக்கிறது. அந்த வழியைத்தான் நூல் சுற்றிலும் அடைத்துவிட்டிருந்தது. கீழே வேர் பட்டினி கிடந்து கறுத்துப்போயிருந்தது. வேரிலிருந்து தண்ணீர் மட்டும் உள்கட்டை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. அது எத்தனை நாளைக்கு? அவள் ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதாள். தெரியாமல் செய்திருந்தால் பரவாயில்லை, தெரிந்தும் பயந்து செய்ததுதான் அவளை அறுத்தது.

நர்சரிக்காரர் வந்து பார்த்தார், உச்சுக்கொட்டினார். மரத்துக்குப் புதுக்கால் வைத்தால் பிழைக்கும் என்றார். கட்டைவிரல் பருமனில் மூன்று மாங்கன்றை அடிமரத்தை ஒட்டிச் சுற்றிலும் நட்டு, அவற்றின் தலையை வெட்டி, வெட்டின நுனியைக் காயத்துக்கு மேலே பட்டைக்குள் செருக வேண்டும். பிடித்தால் அந்த மூன்றும் மரத்தைத் தாங்கும். ஆனால் அவரிடம் அந்தப் பருமனில் கன்று இல்லை, எல்லாம் பென்சில் அளவுதான். தேடிப் பார்க்கிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார். பூ அத்தனையையும் கிள்ளிவிட வேண்டும், இருக்கிற தெம்பை மரம் பூவுக்குச் செலவு பண்ணக்கூடாது. அதாவது நாத்தனாருக்குச் சொல்லாமல் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து நாற்காலியைப் போடுவதற்குள் அவரைக் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போய், தோண்டின குழியைக் காட்டினாள். தையற்காரர் கடைக்குப் போகிற மாதிரி நழுவப் பார்த்து, நழுவாமல் வாசற்படியில் நின்றார்.

"இது என் தப்பு, அண்ணி. நாலு வருஷத்துக்கு மேல கட்டைப் பிரிக்கலை. பயந்துட்டேன். மறந்துட்டேன்னு சொன்னா பொய்."

நாத்தனார் முத்திரையைக் குத்தப்போகிறார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் மெல்ல மண்டியிட்டு, நூல் அறுத்த பள்ளத்தில் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினார். "இது பிழைக்க என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். கன்று எவ்வளவு பருமன் இருக்க வேண்டும் என்று கேட்டார். அவள் கட்டைவிரலைக் காட்டினாள். அவர் எழுந்து, புடவையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, வெளியே போய்விட்டார். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்று தையற்காரர் முணுமுணுத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. அதில் மூன்று பழைய பெயிண்ட் டின். ஒவ்வொன்றிலும் இடுப்பளவு மாங்கன்று, தண்டு சரியாகக் கட்டைவிரல் பருமன். வண்டிக்காரரைக் கையை வைக்க விடாமல் நாத்தனாரே ஒவ்வொன்றாக இறக்கினார். மரம் விழுந்த வருஷம் கடைசியாகச் சாப்பிட்ட பழங்களின் கொட்டையாம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து ஐந்து வருஷமாக வளர்த்திருக்கிறார். கொட்டையில் வருவது தாய் மாதிரி காய்க்காது என்று தம்பி பெண்டாட்டி போகிற இடமெல்லாம் பேசுகிறவளாயிற்றே, காட்டினால் சிரிப்பாள் என்று ஒளித்து வைத்திருந்தாராம். மூன்றில் ஒன்றாவது அந்தப் பழத்தைக் கொடுத்துவிடாதா என்று ஓர் ஆசை என்றார், ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி.

தையலக்கா ஒவ்வொரு தண்டையும் கட்டைவிரலோடு வைத்து அளந்து பார்த்தாள். நர்சரி நர்சரியாகத் தேடினாலும் கிடைக்காத கன்றுகள் இவை. மேலே நிற்கிற மரத்தின் வயிற்றில் பிறந்தவை.

"இதுங்க தலையை வெட்டணும், அண்ணி. அப்புறம் தனி மரமா வராது. உங்க ஆசை அதோட போயிடும்."

"அம்மாவுக்குத்தானே" என்றார் நாத்தனார். "எப்போ வெட்டணும்னு சொல்லு. நானே வெட்டுறேன்."

கன்றுகளை வேர் அசையாமல் டின்னிலிருந்து எடுத்து அடிமரத்தைச் சுற்றி நட்டார்கள். மண் பிடிக்க இருபது நாள் விட்டார்கள். அதற்குள் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பூவைக் கிள்ளினார்கள், மூன்று கூடை. தேனீக்கள் கூடை போன இடமெல்லாம் கூடவே வந்தன. பிறகு தையலக்கா மரத்தின் மேல்பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்து குறைத்தாள். சின்னக் கால்கள் தாங்க வேண்டுமே.

இருபத்தோராம் நாள் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து நாத்தனார் கையில் கொடுத்து, வெட்ட வேண்டிய இடத்தை நகத்தால் காட்டினாள். கணவர் வைத்த மரத்தில் ஒரு கத்தி பட விடாதவர், மூன்று கன்றின் தலையையும் மூன்றே வெட்டில் எடுத்தார். வெட்டி விழுந்த தலைகளை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மிச்ச வேலை தையலக்காவுடையது. காயத்துக்கு நான்கு விரல் மேலே பட்டையைக் கீறி நெம்பினாள். பட்டை ஈரமாகக் கழன்றது. உள்ளே கட்டை, இப்போதுதான் பிறந்தது மாதிரி வழவழவென்று பளபளத்தது. இத்தனை அடிபட்ட பிறகும் உள்ளே இவ்வளவு உயிரா என்று நினைத்துக்கொண்டாள். கன்றின் நுனியைச் சீவி அந்த ஈரத்துக்குள் செருகி, சின்ன ஆணி அடித்து, நாடா சுற்றி, மெழுகு பூசினாள். மூன்றையும் முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நைலான் நூல் இருக்கிற பக்கம்கூட அவள் திரும்பவில்லை.

எழுபதாம் நாள் விடிந்ததும், காபிக்கு முன்னால், யாரையும் கூப்பிடாமல் நாடாவைப் பிரித்தாள். கன்றும் மரமும் சேர்ந்த இடத்தில் கத்தி போன கோட்டைத் தேட வேண்டியிருந்தது. எது குழந்தை முடிகிற இடம், எது தாய் தொடங்குகிற இடம் என்று இருபத்திரண்டு வருஷம் தழும்பு பார்த்த கண்ணுக்கே பிடிபடவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள், மேடு மட்டும்தான் இருந்தது. அவளுக்குக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. யாரை என்று தெரியாததால் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

எட்டு மாதம் கழித்து மரம் தளிர்த்தது. கிளைக்குக் கிளை செம்பு நிறத்தில் இலை. மூன்று தண்டும் நன்றாகத் தடித்துவிட்டிருந்தன. அந்த ஞாயிறு அவள் நடுவில் இருந்த பழைய அடிக்கட்டையைத் தட்டிப் பார்த்தாள். டொக்கென்று காய்ந்த சத்தம் வந்தது. கீறினால் பட்டை பொடியாக உதிர்ந்தது. ஒட்டுக் கட்டும்போது வாங்கிய அந்தக் கன்றின் வேர் எப்போதோ செத்துவிட்டது. அது எப்போது செத்தது என்று மேலே இருந்த ஓர் இலைக்கும் தெரியவில்லை.

நாத்தனாரிடம் சொன்னாள். அவர் முகம் மாறியது. "அப்போ இது எதுல நிக்குது?"

"நீங்க வளர்த்த மூணுலதான், அண்ணி. வேற எதுவும் இல்லை. தண்ணி எடுத்துக் கொடுக்கிறது அதுங்க, சோறு போடுறது இது."

நாத்தனார் நாற்காலியை விட்டு எழுந்தார். அண்ணாந்து செம்பு இலைகளைப் பார்த்தார். அதே பார்வையோடு மூன்று தண்டின் வழியாக மண் வரைக்கும் இறங்கி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது போலவும் இருந்தது, வெயிலுக்குக் கண்ணை மறைத்தது போலவும் இருந்தது.

"மூணு பேருக்கும் தண்ணி ஊத்தினியா?" என்றார்.

காலையிலேயே ஊற்றிவிட்டேன் என்று தையலக்கா சொன்னதை அவர் நம்பவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே குழாயடிக்குப் போனார்.